செத்த டார்ல்டன்கள்

நான் வாக்கப்பட்டது செத்த டார்ல்டன் வீட்டுக்கு. பயப்பட வேண்டாம். அந்த வீட்டில் எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே உயிரோடு இருந்தார்கள்.

அயர்லாந்தில் எங்கள் ஊரான டிரம்வேனில் டார்ல்டன் என்ற பெயரில் இரண்டு குடும்பம். ஒன்று பெரிய வீட்டு டார்ல்டன். லார்டு டிரம்வேன் என்ற பட்டம் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் இருக்கிறது. புராட்டஸ்டண்ட்காரர்கள். இன்னொன்று நாற்சந்தியில் மாடு வளர்க்கிற நாங்கள். கத்தோலிக்கர்கள். அவர்கள் கும்பிடுகிற இடத்துக்குச் சர்ச் என்று பெயர், எங்களுடையதுக்குக் கோயில். ஒரே பெயரில் இரண்டு வீடு இருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது, பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். சிவப்பு மோரன் வீடு, நொண்டி மோரன் வீடு என்று இருக்கிறது. சிவப்பு மோரன் வீட்டில் இப்போது எல்லோருக்கும் வழுக்கை. எங்களுக்கு வாய்த்தது செத்த டார்ல்டன்.

அந்தப் பெயர் வந்த கதையை என் மாமியார் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். என் புருஷன் மலாக்கியின் தாத்தா அம்புரோஸ், பெரிய வீட்டின் இரண்டாவது மகன். 1887-இல் அந்த வீட்டில் பால் கறக்க வந்த ஓனா என்ற கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மதத்தையும் மாற்றிக்கொண்டு, நாற்சந்திக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா லேடி ஆகஸ்டாவுக்கு அது தாங்கவில்லை. சர்ச்சுக்குள் அவர்களுடைய குடும்பக் கல் ஒன்று சுவரில் பதித்திருக்கிறது, செத்தவர்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்த வருஷமே அந்தக் கல்லில் அம்புரோஸின் பெயரைச் செதுக்க வைத்துவிட்டாள் அந்த அம்மாள். மகன் செத்தான், தீர்ந்தது.

செத்தவரோ மூன்று மைல் தள்ளி ஏழு பிள்ளை பெற்று, பன்றி வளர்த்து, குதிரைப் பந்தயத்தில் தோற்று, 1931 வரை சௌக்கியமாக இருந்தார். சந்தைக்குப் போகும்போது அம்மாவின் வண்டி எதிரே வந்தால் ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றுவாராம். அந்த அம்மாள் உடனே வண்டி ஜன்னலை ஏற்றிக்கொள்வாளாம். செத்த பிள்ளை நடுரோட்டில் நின்று வணக்கம் வைத்தால் அவளும் என்னதான் செய்வாள் என்று நான் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை.

"இது சிரிக்கிற விஷயம் இல்ல டெர்வ்லா. அந்தச் சாவை அந்தக் கல்லுலேர்ந்து எடுக்கற வரைக்கும் நம்ம வீட்டுக்காரங்க யாரும் அந்தச் சர்ச்சுக்குள்ள காலடி வெக்க மாட்டோம். நீயும் சத்தியம் பண்ணு" என்றார். அன்றைக்கு எனக்குக் கல்யாணம். வாய் நிறையக் கல்யாணக் கேக். முழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். நான் வேறு என்ன செய்ய முடியும்?

பழைய காலத்தில் இந்தச் சபதத்தைக் காப்பாற்றுவது சுலபம். புராட்டஸ்டண்ட் பூசைக்குப் போகவே கூடாது என்று எங்கள் பிஷப்மாரே தடை போட்டிருந்தார்கள். பெரிய வீட்டில் சாவு விழுந்தால் ஊரே சர்ச்சுக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டு, உள்ளே பாட்டு முடிகிற வரை மாட்டு விலை பேசும். அப்புறம் அறுபதுகளில் அந்தத் தடை போயிற்று. ஊர் உள்ளே போயிற்று. இப்போது புராட்டஸ்டண்ட்காரர்களைவிட எங்கள் ஆட்கள்தான் அங்கே சத்தமாகப் பாடுகிறார்கள். செத்த டார்ல்டன்கள் மட்டும் வெளியே மரத்தடியில், மழையோ பனியோ, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ரோஷக்காரர்களாம்!

இது இப்படியே போயிருக்கும். ஆனால் ஒன்பதாவது லார்டு டிரம்வேனுக்கு ஆண் பிள்ளை இல்லை.

அவர் பெயர் ஜாஸ்பர். எண்பத்து நான்கு வயது. மனைவி போய் வெகுநாளாயிற்று. ஒரே மகள் பிலிப்பா. ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, டிராக்டரை அவளே பிரித்து அவளே மாட்டுவாள். வீடும் நிலமும் அவளுக்கு என்று எழுதியாகிவிட்டது. பட்டத்தை மட்டும் எழுத முடியாது. அது ஆண்வழியில்தான் இறங்கும். தலைகீழாக நின்றாலும் பிலிப்பாவுக்குக் கிடைக்காது. ஆண்வழியில் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கினால் முதலில் நிற்கிற ஆள் யார்? சாணி பூட்ஸோடு நாற்சந்தியில் நிற்கிற என் புருஷன் மலாக்கி. அவருக்கு எழுபத்தொன்று. பட்டத்தோடு காலணா வராது. அயர்லாந்தில் அதை யாரும் மதிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. பப்பில் கூப்பிட்டுச் சிரிக்க உதவும், அவ்வளவுதான். ஆனால் ஜாஸ்பருக்கு அது தன்னோடு செத்துப்போகக் கூடாது. அந்த ஒரு ஆசையைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் பெரிய வீட்டுக்குச் சீட்டாடப் போவோம். சர்ச்சுக்குத்தான் சபதம், சீட்டுக்கு இல்லை. பெரிய வீடு என்று பெயரே தவிர, கூரை ஒழுகாத அறை என்று பார்த்தால் சமையலறைதான். அங்கே அடுப்புப் பக்கத்தில் நாலு பேரும் உட்கார்ந்து, இருபத்தஞ்சு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம்.

"வாடா செத்தவனே, உக்காரு" என்பார் ஜாஸ்பர்.

"வந்துட்டேன், கடைசி லார்டே" என்பார் மலாக்கி.

பிலிப்பா டீ ஊற்றுவாள். "சர்க்கரை எவ்வளவு, மிஸ்டர் டார்ல்டன்?" என்று கேட்பாள். அவள் பெயரும் டார்ல்டன், அவர் பெயரும் டார்ல்டன். இருபது வருஷமாக வியாழன் தவறாமல் டீ ஊற்றுகிறவள், மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவாள். இப்படி ஒரு மரியாதையை எங்கே வைத்துக் கட்டுவது என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு வியாழன், ஜாஸ்பர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"மலாக்கி, விளையாட்டு இல்ல. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குன்னு வான்கோழி சொல்லி வெக்க வேணாம்னு டாக்டர் சொல்லாம சொல்லிட்டான். எனக்கப்புறம் பட்டத்தை எடுத்துக்குவியா மாட்டியா? ஒரு வார்த்தை சொல்லிடு. நிம்மதியாப் போறேன்."

மலாக்கி தன் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லை மாத்துங்க. சொல்றேன்."

"உள்ள வந்து கல்லைப் படி. படிச்சிட்டு எதை மாத்தணும்னு நீயே சொல்லு. அன்னிக்கே மாத்திடறேன்."

"மாத்தினாத்தான் உள்ள வருவேன்."

"வந்தாத்தான் மாத்துவேன்."

"அப்ப பட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஏன்டா, எட்டுப் பேர் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கையில குடுத்த தட்டுடா இது. ஒன்பதாவது ஆள் கீழ போட்டு உடைச்சிட்டான்னு பேர் வாங்கிக்கிட்டு நான் போகணுமா?"

"எங்க தாத்தா கையில எந்தத் தட்டும் குடுக்கலியே. நேரா கல்லுல இல்ல போட்டாங்க."

ஜாஸ்பர் என்னைப் பார்த்தார். நான் பிலிப்பாவைப் பார்த்தேன். பிலிப்பா கெட்டிலைப் பார்த்தாள். ஒரு கேட்டில் இரண்டு கிழட்டுக் காளை மாட்டிக்கொண்டால் எதைப் பிடித்து இழுப்பது?

மலாக்கி வண்டியை எடுக்கப் போனபோது நான் பின்தங்கி நின்றேன். "கல்லுல என்னதான் எழுதியிருக்குன்னு நீங்களே சொல்லித் தொலைச்சிடுங்களேன்" என்றேன்.

"சொன்னா நம்புவானா? லார்டு புளுகறார்ம்பான். அவன் கண்ணால படிச்சாத்தான் உண்டு."

"அப்ப நான் போய்ப் படிச்சிட்டு வந்து சொல்றேன்."

"நீ சத்தியம் பண்ணியிருக்கே இல்ல?"

"வாயில கேக்கை வெச்சுக்கிட்டுப் பண்ணின சத்தியம்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், பிலிப்பா ஓடிவந்து முதுகைத் தட்டினாள். அந்த மனுஷனுக்கு நிஜமாகவே நேரம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உண்மையைச் சொன்னால், மறுநாளே நான் சர்ச் வாசல் வரை போனேன். கதவுப் பிடியில் கையும் வைத்தேன். மாமியார் செத்து மண்ணாகி எத்தனையோ வருஷம். இருந்தும் அவர் முகம் கண்முன் வந்து நின்றது. திரும்பி வந்துவிட்டேன். எனக்கு என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அதை மலாக்கி மேல்தான் காட்டினேன். அடுத்த வியாழன் வண்டியில் திரும்பும்போது ஆரம்பித்தேன். "அந்த மனுஷன் சாகப் போறார். ஒரு 'சரி' சொன்னா உங்க வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? யாரோ ஒரு கிழவி நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லுல என்னத்தையோ கிறுக்கினதுக்கு இவர் என்ன பண்ணுவார்?"

மலாக்கி வண்டியை ஓரமாக நிறுத்தினார். சாதாரணமாகச் சண்டைக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிற ஆள் இல்லை.

"இவரோட அப்பா செத்தப்ப எங்கப்பா அந்த மரத்தடியில ரெண்டு மணி நேரம் மழையில நின்னார். நான் பக்கத்துல இருந்தேன். உள்ள வாங்க தாமஸ்னு ஜாஸ்பரே வெளிய வந்து கூப்பிட்டார். அப்பா போகல. நெஞ்சுல சளி கட்டி, மூணே வாரத்துல போயிட்டார். சாகறப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'எங்கப்பாவுக்காக நின்னேன், நல்லாத்தான் நின்னேன்'னார். இப்ப நான் ஒரு பட்டம் கிடைக்குதுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு உள்ள போனா, அவர் நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

வீடு வரும்வரை நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன், அதில் பனிகூட இல்லை.

கோடை முழுக்க இதே கூத்துதான். ஜாஸ்பர் மெலிந்துகொண்டே வந்தார், வாய் மட்டும் மெலியவில்லை. ஒவ்வொரு வியாழனும் ஆட்டம் முடிந்ததும், "என்ன செத்தவனே?" என்பார். "கல்லு" என்பார் மலாக்கி. "கதவு" என்பார் ஜாஸ்பர். அப்புறம் இருவரும் ஆளுக்கொரு விஸ்கி குடிப்பார்கள். அக்டோபரில் ஒரு வியாழன் மலாக்கி எல்லாச் சீட்டையும் வெட்டுகிற துருப்பு அஞ்சைக் கடைசி வரை ஒளித்துவைத்திருந்து எல்லாரையும் கவிழ்த்தார். ரொம்ப நல்ல மனநிலை. ஜாஸ்பர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கேக்கலாம் போலிருக்கே. என்ன செத்தவனே?" என்றார். மலாக்கி சிரித்தார். கல் என்று சொல்லவில்லை. "அடுத்த வியாழன் பார்க்கலாம்" என்றார். நான் மேஜைக்கு அடியில் பிலிப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிலிப்பாவின் ஜீப் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. அவள் இறங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"அப்பா போயிட்டார், மிஸ்டர் டார்ல்டன். தூக்கத்துலயே."

மலாக்கி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

டீ குடித்து முடித்த பிறகு அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "பெட்டி தூக்க ஆள் வேணும்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் என்ன குடும்பப் பெயரோ அதே பெயர்க்காரர்கள் நாலு பேர்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். கோயில்காரர் ஆனாலும் சர்ச்காரர் ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஒரு மோரன் செத்தால் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற மோரன்கள்கூட வந்து தோள் கொடுத்துவிட்டுப் போய், மறுநாள் சண்டையைத் தொடர்வார்கள்.

"எங்க பக்கம் டார்ல்டன்னு ஆம்பளைங்க வேற யாரும் இல்ல" என்றாள் பிலிப்பா.

"நான் இருக்கேன். தம்பி கோன்லத் இருக்கான். அவன் பையன் ஒருத்தன், எங்க பையன் ஃபின்டன் ஒருத்தன். நாலு ஆச்சு" என்றார் மலாக்கி உடனே. சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. "சர்ச் வாசல் வரைக்கும் தூக்கறோம்" என்றார்.

பிலிப்பா டீக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "வீட்டுலேர்ந்து குழி வரைக்கும் நடுவுல தோள் மாறக் கூடாதுன்னு சொல்வாங்களே."

"தெரியும்" என்றார் மலாக்கி. அன்று மாலை அவர் மாட்டுக் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு பசுவின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, "வியாழன்னேனே, வியாழன்னேனே" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். கடை எல்லாம் சாத்தியிருந்தது. மழை, கேட்கவா வேண்டும். ஊர் முழுக்கச் சர்ச்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே பெட்டியோடு நாலு பேர், பின்னால் பிலிப்பா, அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான். முன்னால் மலாக்கியும் எங்கள் மகன் ஃபின்டனும். பின்னால் கோன்லத்தும் அவன் பையனும்.

வாசற்படிக்கு வந்ததும் மலாக்கி நின்றுவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாத் தலையும் திரும்பியது.

"நடண்ணே. தோள் பிஞ்சு போகுது" என்றான் கோன்லத்.

"அப்பா அந்த மரத்தடியிலதான் நின்னார்" என்றார் மலாக்கி, திரும்பாமல்.

"தெரியும், தெரியும். நட."

அவர் நடக்கவில்லை. பெட்டியின் மேல் மழை டப்டப்பென்று விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. மாமியாராவது, கேக்காவது.

"உங்கப்பா நின்னார். நல்லாத்தான் நின்னார். யாரும் இல்லேன்னு சொல்லல" என்றேன். "அன்னிக்கு அவர் தோள்ல பெட்டி இல்ல. உங்க தோள்ல இருக்கு. அந்த மனுஷனை மழையில நிக்க வெக்காதீங்க. உள்ள போங்க!"

சர்ச்சுக்கு உள்ளே வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். மலாக்கி மூச்சை இழுத்தார். வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தார்.

பெட்டியைக் கொண்டுபோய் முன்னால் வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, இடதுபக்கச் சுவரில் அந்தக் கல். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அங்கேயே நின்றார். பாதிரியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மலாக்கியின் உதடு அசைந்தது. படிக்கிறார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். இனி எனக்கு என்ன தயக்கம்?

லேடி ஆகஸ்டாவின் பிள்ளைகள் பெயர் வரிசையாக இருந்தது. ஹ்யூகோ, ஏழாவது லார்டு, பிறப்பு, இறப்பு. கான்ஸ்டன்ஸ், பிறப்பு, இறப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில், அம்புரோஸ், இரண்டாவது மகன், பிறப்பு 1864. அத்தோடு சரி. அதற்குப் பிறகு வெறும் கல். ஒரு வரி முழுக்க உளி படாமல் வழவழவென்று விட்டிருந்தது.

"எங்க?" என்றார் மலாக்கி.

"என்ன எங்க?" என்றேன்.

"சாவு எங்கன்னு கேக்கறேன். சாவே இல்லியே!"

அவர் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். மாட்டுச் சந்தையில் கத்திப் பழகிய தொண்டை. கடைசி பெஞ்சு வரை போயிற்று. அவர் திரும்பி ஊரைப் பார்த்தார். ஊர் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் பூட்ஸைப் பார்த்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது பெஞ்சில் பப்காரன் லோர்கன் உட்கார்ந்திருந்தான். "லோர்கன், நீ இதைப் பார்த்திருக்கியா?" என்றார் மலாக்கி.

"முப்பது வருஷமாப் பார்க்கறேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே மலாக்கி." லோர்கன் கொஞ்சம் நெளிந்தான். "அதோட, செத்த டார்ல்டன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சு. உண்மையைச் சொல்லிட்டா அப்புறம் உங்களை என்னன்னு கூப்பிடறது?"

எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. பாதிரியார் முகத்தைப் புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நானும்தான் சிரித்தேன். படுபாவிகள்! ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு, நாங்கள் மழையில் நனைவதை வேடிக்கை பார்த்திருக்கிறது.

பிலிப்பா மட்டும் சிரிக்கவில்லை. மலாக்கியின் பக்கத்தில் வந்து நின்றாள். "லேடி ஆகஸ்டா சாவைப் போடல. இடம்தான் போட்டாங்க" என்றாள். "அம்புரோஸ் வீட்டை விட்டுப் போன வருஷம், பிள்ளைங்க எல்லார் பேரையும் ஒண்ணாச் செதுக்கச் சொன்னாங்களாம். எங்க இருந்தாலும் கடைசியில இங்கதானே வந்தாகணும், என் பக்கத்துல இடம் இருக்கட்டும்னு. செதுக்கினவர் உங்க கோயில்காரர். அன்னிக்குச் சாயங்காலம் பப்புல போய், அம்புரோஸ் பேரைச் சாவுக் கல்லுல செதுக்கிட்டு வந்தேன்னிருக்கார். மிச்சத்தைப் பப்பு பார்த்துக்கிச்சு."

மலாக்கி மறுபடி அந்த வெறும் வரியைப் பார்த்தார். பிலிப்பா தொடர்ந்தாள்.

"அவரை உங்க கல்லறையிலேயே புதைச்சிட்டீங்க. வருஷம் போட யாரும் வரல. நாங்களாப் போட்டா அது நல்லா இருக்காதுன்னு அப்பா சொல்வார். அந்த வீட்டு ஆள் வந்து சொல்லணும்பார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சு வெளிய போறப்ப அந்த இடத்தை ரெண்டு தட்டுத் தட்டி, 'இன்னும் வரல'ன்னுட்டுப் போவார்."

அந்த வண்டி ஜன்னல் எனக்கு ஞாபகம் வந்தது. மகன் தொப்பியைக் கழற்றும்போது அந்த அம்மாள் ஜன்னலை ஏற்றிக்கொண்டது எதற்காக என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. ஒருவேளை அழுத முகத்தை மறைத்திருப்பாள். என் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை, மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.

மலாக்கி கையை நீட்டி அந்த வழவழப்பைத் தொட்டார். அப்புறம் குனிந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவரை லார்டு என்றே கேலியாகக் கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சரி ஜாஸ்பர். எடுத்துக்கறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேக்குதா?" என்றார்.

காது கேட்கிற காலத்தில் சொல்லியிருக்கலாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அது அவருக்கே தெரிந்திருந்தது.

அடக்கம் முடிந்து பெரிய வீட்டுச் சமையலறையில் கூட்டம் நெரிந்தது. ஹாம் சாண்ட்விச் மலைபோல் வந்து பனிபோல் போயிற்று. ஊர் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்துவிட்டது. "லார்டு, உப்பை இப்படித் தள்ளுங்க", "லார்டு, உங்க மாடு என் வேலியை உடைச்சிருக்கு" என்று மலாக்கியைப் போட்டு வறுத்தார்கள். ஃபின்டனுக்கு மூன்றும் பெண்கள், அதனால் அவனுக்குப் பிறகு பட்டம் தனக்குத்தான் என்று கோன்லத்தின் பையன் அதற்குள் கணக்குப் போட்டுத் தன் காதலிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். என்னை லேடி என்று கூப்பிட்ட லோர்கனிடம், இன்னொரு தரம் கூப்பிட்டால் டீயைத் தலையில் ஊற்றுவேன் என்றேன்.

மலாக்கி இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. சீட்டாடுகிற மேஜையில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. கல் செதுக்குகிற ஷேமஸ் அங்கே வந்தான். கையில் சிகரெட் அட்டையும் பென்சிலும். ஜாஸ்பரின் பெயரைக் கல்லில் ஏற்ற வேண்டுமே, என்ன போடுவது என்று பிலிப்பாவைக் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் மலாக்கி. "அம்புரோஸ் வரியில, இறப்பு 1931-னு போடு."

கோன்லத் வாயிலிருந்த சாண்ட்விச்சோடு நிமிர்ந்தான். "என்னண்ணே இது? தாத்தா சாவை எடு எடுன்னு நூறு வருஷமாச் சண்டை. இப்ப நீயே போடச் சொல்றியா?"

"ஆமாடா. அவரும் எவ்வளவு நாள்தான் சாகாம நிப்பார், பாவம்."

யாரும் சிரிக்கவில்லை. பிலிப்பா கெட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். மலாக்கியின் கோப்பையில் ஊற்றினாள்.

"சர்க்கரை எவ்வளவு, சித்தப்பா?" என்றாள்.

மலாக்கி அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும்மா" என்றார். எப்போதும் ஒன்றுதான் போட்டுக்கொள்வார்.

ஷேமஸ் பென்சிலைக் காதில் செருகப் போனான். மலாக்கி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த வரியில இன்னும் ஒரு வார்த்தைக்கு இடம் இருக்குமா?"

"இருக்கும். தாராளமா விட்டிருக்காங்க. என்ன வார்த்தை?"

மலாக்கி எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். மேஜை மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வந்துட்டார்னு போடு."

ஷேமஸ் எழுதிக்கொண்டான்.